கேட் பாஸை எப்போது கொடுப்பது

1

ஓமானில் ஒரு கல் குவாரியில் வேலை பார்க்கிறேன். பாறையை உடைத்துப் பொடியாக்கும் இடம். கல் போகிற கன்வேயர் பெல்ட் அறுந்தால் ஒட்டுவது என் வேலை. நெய்வேலியிலும் இதே வேலைதான். சுரங்கத்தில், காண்ட்ராக்டில். அங்கே பெல்ட்டில் நிலக்கரி போகும். இங்கே வெள்ளைக் கல் போகிறது. அங்கே மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். இங்கே வெள்ளையாக வருகிறது. வேறு பெரிய வித்தியாசம் இல்லை.

இந்த மாதத்தோடு வந்து ஆறு வருஷம். கேம்ப்பில் யாரும் இதையெல்லாம் நினைவு வைப்பதில்லை. நானும் சொல்லவில்லை.

ஊரிலிருந்து போன் வந்தால் தெரிந்தவன், தெரியாதவன் எல்லாரும் ஒன்றைத்தான் கேட்கிறார்கள். "அண்ணே, வெளிநாட்டு வேலை ஒண்ணு அமையறாப்புல இருக்குது. இங்க எப்ப எழுதிக் குடுக்கறது?" வெயில் எப்படி, சாப்பாடு எப்படி என்று கேட்பவன் குறைவு. வேலையை எப்போது விடுவது என்பதுதான் எல்லாருக்கும் பயம்.

நான் அதிகம் படித்தவன் இல்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அடிபட்டிருக்கிறேன். போன மாதம் என் மச்சான் விஷயத்தில் மறுபடியும் அடி விழப் பார்த்தது. ஒவ்வொருத்தனுக்கும் போனில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதிவிடுகிறேன்.

2

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நெய்வேலியில் மனிதர்கள் இரண்டு வகை. பெர்மனென்ட், காண்ட்ராக்ட். பெர்மனென்ட் ஆளுக்கு டவுன்ஷிப் பிளாக்கில் குவார்ட்டர்ஸ் உண்டு, மாமரம் உண்டு. காண்ட்ராக்ட் ஆள் வடக்குத்துப் பக்கம் வாடகை வீட்டில் இருப்பான். காலையில் ஒரே ரோட்டில் இரண்டு பேரும் சைக்கிளில் வருவார்கள். ஒரே பெல்ட்டில் நிற்பார்கள்.

காண்ட்ராக்ட் ஆளுக்கு உயிர் கேட் பாஸ், சுரங்கத்துக்குள் விடுகிற அட்டை. காண்ட்ராக்டர் மாறிக்கொண்டே இருப்பார். புதிதாக வருகிறவர் பழைய ஆட்களையே எடுத்துக்கொள்வார். பாஸ் உள்ளவன் பெயர் அப்படியே போகும். சர்வீஸ் விடாமல் ஓடும். என்றைக்காவது பெர்மனென்ட் பேச்சு வந்தால் அந்த சர்வீஸைத்தான் பார்ப்பார்கள். பாஸைத் திருப்பிக் கொடுத்தவன் பெயர் விழுந்துவிடும். ரிசைன் என்று காகிதம் எழுதிக் கொடுத்தாலும் அது காண்ட்ராக்டர் மேசையில் கிடக்கும். கேட்டில் பாஸ் போய்ச் சேர்ந்தால்தான் ஆள் போனதாகக் கணக்கு.

இன்னொன்று. பெர்மனென்ட் ஆள் ரிட்டையர் ஆனால், கடைசி ஷிப்ட் முடிந்ததும் மாலை போடுவார்கள். வேனில் ஏற்றி, மேளம் வைத்து, குவார்ட்டர்ஸ் வாசலில் கொண்டுபோய் இறக்குவார்கள். பட்டாசு வெடிப்பார்கள். காண்ட்ராக்ட் ஆளுக்கு அது கிடையாது. அவன் ரிட்டையர் ஆவதில்லை. ஒரு நாள் வராமல் போவான். அவ்வளவுதான்.

அதனால் எங்கள் கேங்கில் எவனாவது வெளிநாடு போகிறான் என்றால் விட மாட்டார்கள். மாலை, வேன், மேளம் எல்லாம் உண்டு. அவன் கழுத்தில் போடுவது கேங் மொத்தமும் தனக்குப் போட்டுக்கொள்கிற மாலை.

மாலை போட்டு அனுப்பிய ஆள் மறுபடி டிபன் பாக்ஸோடு கேட்டில் வந்து நிற்கக் கூடாது. எங்கும் எழுதி ஒட்டவில்லை. ஆனால் யாரும் நின்றதில்லை.

3

எனக்கு மாலை விழுந்தது இப்படி.

ஏஜென்ட் அனுபவச் சான்று கேட்டான். அது இருந்தால்தான் விசாவுக்கு அனுப்புவேன் என்றான். காண்ட்ராக்டரிடம் போனேன். "ரிசைன் எழுதிக் குடு, சான்று தரேன். வேலையில இருக்கற ஆளுக்கு எதுக்குச் சான்று?" என்றார். விசா வந்த பிறகு ரிசைன் பண்ணலாம் என்று பார்த்தால், ரிசைன் பண்ணினால்தான் விசாவே நகரும். எந்தக் கதவை முதலில் திறப்பது என்று சொல்ல ஆள் இல்லை. எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை கேங் லீடர் ஏகாம்பரம் அண்ணன் மாலையோடு வந்தார். சம்பங்கி மாலை. கனமான மாலை. பாஸை அவரிடமே கொடுத்து, கேட்டில் சேர்த்துவிடச் சொன்னேன். வேனில் ஏற்றினார்கள். ஆர்ச் கேட்டிலிருந்து வடக்குத்து வரை மேளம். என் மனைவி ஸ்டெல்லா ஆரத்தி எடுத்தாள். தெருவே பார்த்தது.

விசா வரவில்லை.

மெடிக்கல் மறுபடி எடு என்றார்கள். எடுத்தேன். கம்பெனியில் மேனேஜர் லீவு என்றார்கள். ஒரு நோன்பு மாதம் போனது. பெருநாள் லீவு போனது. எமிகிரேஷன் என்றார்கள். நான் வீட்டில் இருந்தேன்.

டவுன்ஷிப் நேர் நேரான ரோடு. ஒளிய இடம் இல்லாத ஊர். பால் வாங்கப் போனால் ஒருவன், மாதா கோயிலுக்குப் போனால் ஒருவன். "இன்னும் போவலியா?" பூசை முடிந்து சாமியார்கூட அதையே கேட்டார். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவதை நிறுத்தினேன்.

வேலை வேண்டும். ஊரில் எவன் கண்ணிலும் படக் கூடாது. பஸ் ஏறிப் பண்ருட்டிக்குப் போனேன். பலாப்பழ சீசன். மண்டியில் லாரிக்குப் பழம் ஏற்றினேன். ஒரு நாள் பக்கத்து கேங் கோவிந்தன் பழம் வாங்க வந்துவிட்டான்.

"அட, லூர்து! இன்னாடா, துபாய் பண்ருட்டி பக்கத்துலதான் இருக்குதா?"

ஊரில் எந்த வளைகுடா நாடும் துபாய்தான். லாரி டிரைவர் சிரித்தான். மண்டிக்காரர் சிரித்தார். நான் தோளில் இருந்த பழத்தை இறக்காமல் அப்படியே நடந்தேன். மறுநாளிலிருந்து காடாம்புலியூருக்கு மாறிவிட்டேன். முந்திரிக் கொட்டை மூட்டை தூக்கினேன். அங்கே என்னை யாருக்கும் தெரியாது.

ஒரு தடவை தண்ணி டேங்க் பக்கம் ஏகாம்பரம் அண்ணன் எதிரே சைக்கிளில் வந்தார். என்னைப் பார்த்துவிட்டு சைக்கிளை நிறுத்தினார். நான் நிற்கவில்லை. பக்கத்துச் சந்தில் திருப்பிவிட்டேன்.

நடுவில் காண்ட்ராக்ட் மாறியது. அதன் பிறகு ரொம்ப நாள் கழித்து விசா வந்தது. கிளம்பும்போது மாலையும் இல்லை, வேனும் இல்லை. நானும் ஒரு பையும். விடியலில் பஸ் ஏறினேன். யாரும் பார்க்காதது நிம்மதியாக இருந்தது.

என்னோடு நின்ற இரண்டு பேர் இப்போது பெர்மனென்ட். ஒருத்தனுக்குக் குவார்ட்டர்ஸும் கிடைத்துவிட்டது.

4

இங்கே நான் முதலில் கற்ற வார்த்தை புக்ரா. நாளைக்கு என்று அர்த்தம். லீவு கேட்டால் புக்ரா. ரூம் ஏசி ரிப்பேர் என்றால் புக்ரா. ரெசிடென்ட் கார்டு புதுப்பிக்கக் கொடுத்தால் புக்ரா. கார்டு கையில் இல்லாமல் வெளியே போனால் போலீஸ் பிடிக்கும். அதைக் கேட்டாலும் புக்ரா.

வேலையில் மட்டும் புக்ரா கிடையாது. பெல்ட் அறுந்தால் இப்போதே ஒட்ட வேண்டும். ரப்பரை உரித்து, பசை தடவி, பிரஸ்ஸில் வைத்து சூடு ஏற்றுவோம். சூடு ஆறும்வரை திறக்கக் கூடாது. போர்மேன் பாய் தலைமேல் நின்றுகொண்டு திற, திற என்பார். ஆறாமல் திறந்தால் ஜாயின்ட் வாயைப் பிளந்துவிடும். அப்போதும் என்னைத்தான் திட்டுவார்.

வெள்ளிக்கிழமை லீவு. அன்றைக்கு வீட்டுக்கு வீடியோ கால். என் மகள் அனிதா பத்தாவது படிக்கிறாள். போனை அவள் கையில் கொடுத்தால், "சாப்டீங்களா? சரி. அம்மாகிட்ட தரேன்" என்பாள். ஏதாவது முடிந்தது என்று சொல்ல வரும்போது எனக்குக் கலாஸ் என்று வந்துவிடுகிறது. "கலாஸ்னா இன்னாப்பா? தமிழ்ல சொல்லுங்க" என்பாள். முன்பு சிரிப்பாள். இப்போது சிரிப்பதில்லை.

அவளுக்கு எல்லாம் மாமாதான். ஸ்டெல்லாவின் தம்பி சகாயம். சைக்கிள் பஞ்சரா, மாமா. டியூஷனா, மாமா. பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்றால் போய் உட்காருவது மாமா. அவன் என் பழைய கேங்கில்தான் வேலை பார்க்கிறான். அவனைச் சேர்த்துவிட்டதே நான்தான்.

5

சகாயத்துக்கு இங்கே வர ஆசை. வருஷக் கணக்காகக் கேட்டான். போர்மேன் பாயிடம் பேசினேன். பெல்ட் ஜாயின்ட் ஆள் வேண்டும் என்றார். விசா வேலையை ஊரில் ஒரு ஏஜென்ட் பார்த்தான். அனுபவச் சான்றுக்கு இந்தத் தடவை நான் ஏமாறவில்லை. முந்தைய காண்ட்ராக்டரைப் போய்ப் பார்க்கச் சொன்னேன். அவரிடம் இப்போது காண்ட்ராக்ட் இல்லை, ரிசைன் கேட்கவும் முடியாது. எழுதிக் கொடுத்துவிட்டார். ஆகவே சகாயம் விசா வரும்வரை வேலையை விடத் தேவையே இல்லை. அப்படித்தான் நினைத்தேன்.

அனிதா அன்றைக்குத் தானாகவே போனை வாங்கினாள்.

"மாமாவையும் அங்க கூப்டுக்கிறீங்களாப்பா?"

"ஆமாம்மா."

"சரி. அம்மாகிட்ட தரேன்" என்றாள்.

மாதக் கடைசி நெருங்கும்போது சகாயம் போன் செய்தான். குரலில் குதிப்பு இருந்தது.

"மாமா, ஏஜென்ட் சொல்லிட்டாரு. இந்த மாசத்தோட எழுதிக் குடுத்துடு, அடுத்த வாரம் டிக்கெட்டுன்னு."

"டிக்கெட் வந்துச்சா?"

"வரும் மாமா."

"விசா வந்துச்சா?"

"போட்டோ அனுப்பறேன்னு சொல்லிக்கினு இருக்காரு."

"அது வரட்டும். அப்புறம் எழுதிக் குடு."

"மாசம் நடுவுல விட்டா கேங்குக்குக் கஷ்டம் மாமா. ஏகாம்பரம் அண்ணன் சனிக்கிழமைக்கு வேன் சொல்லிட்டாரு."

"வேனா?"

"மேளமும் சொல்லியாச்சு."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "டேய், நான் பட்டது போதாதாடா? கண்ணால பாத்துக்கினுதான இருந்த?"

"அது அப்ப மாமா. இப்ப நீங்க உள்ள இருக்கீங்க இல்ல?"

நான் உள்ளே இருக்கிறேனாம். என் கார்டையே ஆபீசில் வாங்க முடியாமல் நிற்கிறேன். அவனுக்கு நான் விசா அடிக்கிற ஆள்.

ஸ்டெல்லாவிடம் சொன்னேன். "நீ சொல்லு உன் தம்பிகிட்ட."

"நான் இன்னாங்க சொல்றது? அவன் மாமியார் வூட்டுலேர்ந்து புதுச்சட்டை, வேட்டி எல்லாம் வந்துடுச்சி. இப்பப் போயி வேணாம்னா எனக்குப் பொறாமைன்னு பேசுவாங்க."

விசா எப்போது வரும் என்று போர்மேன் பாயிடம் கேட்டேன். புக்ரா என்றார்.

6

கடைசியில் ஏகாம்பரம் அண்ணனையே கூப்பிட்டேன். ஆறு வருஷத்தில் அவரோடு பேசியதில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நேராகவே சொன்னேன்.

"அண்ணே, லூர்து பேசறேன். சகாயத்துக்கு மாலை போடாதீங்கண்ணே."

"யாரு, லூர்தா! ஏண்டா, உனக்குப் போட்டது கழுத்துல அரிச்சிச்சா?"

"விளையாடாதீங்கண்ணே. விசா இன்னும் வரல."

"வந்துடும்டா. நீ போவல?"

"போறதுக்குள்ள நான் பட்டது உங்களுக்குத் தெரியாதாண்ணே?"

 "தெரியும்" என்றார்.

"அப்புறம் எதுக்குண்ணே?"

"பசங்க ஆசைப்படறானுங்க லூர்து. உனக்கப்பறம் இந்த கேங்குல எவனுக்கும் மாலை விழல. வேணாம்னு நான் எப்பிடிச் சொல்றது?"

"அப்ப பாஸை மட்டுமாவது..."

"ஷிப்டுக்கு நேரமாவுது. வைக்கறேன்" என்று வைத்துவிட்டார்.

சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஸ்டெல்லா வீடியோவில் காட்டினாள். வேன் வடக்குத்துத் தெருவுக்குள் வந்தது. சகாயம் மாலையோடு நின்றான். வியர்வையும் பூவுமாக இருந்தான். ஏகாம்பரம் அண்ணன் மேளத்துக்கு ஆடினார். இந்த வயதில் அப்படி ஆடுவார் என்று நான் நினைக்கவில்லை. அனிதா வாசலில் நின்றாள். கேமராவைப் பார்க்கவில்லை.

என் சாப்பாடு ஆறிவிட்டது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவன் கழுத்தைத்தான் பார்த்தேன்.

7

அடுத்த வாரம் போர்மேன் பாய் என்னைக் கூப்பிட்டார். கிரஷர் லைன் ஒன்றை வேறு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார்களாம். அவர்கள் தங்கள் ஆட்களைக் கொண்டு வருவார்களாம். இருக்கிறவர்களுக்கு ஒன்றும் இல்லை. புதிதாக ஆள் எடுப்பது மட்டும் நின்றது.

"புக்ரா?" என்று கேட்டேன்.

"புக்ரா இல்லை. கலாஸ்" என்றார்.

ஏஜென்ட் போனை எடுக்கவில்லை. நான்தான் சகாயத்திடம் சொல்ல வேண்டும். சொன்னேன்.

"வராதுடா. நிறுத்திட்டாங்க."

 "சரி மாமா" என்றான்.

"கொஞ்ச நாள் வெளிய தலை காட்டாத. பண்ருட்டி மண்டிக்காரர் நம்பர் என்கிட்ட இருக்குது. காலையிலயே பஸ் ஏறிட்டன்னா..."

"எதுக்கு மாமா?"

"வேலைக்குத்தான்."

"எனக்கு வேலை இருக்குதே மாமா."

"மாலை போட்டுட்டாங்களேடா."

அவன் போனை வைத்துவிட்டான். எனக்கு அன்று வேலை ஓடவில்லை. நான் ஆரம்பித்த பேச்சு, நான் கொடுத்த ஆசை. அவன் பெண்டாட்டி, பிள்ளையின் சோறு, அவன் சர்வீஸ் எல்லாம் போனது என்றுதான் நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து ஸ்டெல்லா கூப்பிட்டாள்.

"தம்பி வேலைக்குப் போயிட்டான்ங்க."

"எந்த வேலைக்கு?"

"இன்னா கேள்வி இது? அதே வேலைக்குத்தான். டிபன் கட்டிக்கினு போயிட்டான்."

"பாஸ் இல்லாம எப்பிடி உள்ள வுட்டாங்க?"

"பாஸ் இருக்குதாமே. நீங்க அவன்கிட்டயே கேளுங்க."

அனிதா போனைப் பிடுங்கிக்கொண்டாள். அவள்தான் முழுக் கதையும் சொன்னாள். மாலை போட்ட அன்றைக்கு சகாயம் பாஸை ஏகாம்பரம் அண்ணனிடம் கொடுத்திருக்கிறான். அவர் அதைக் கேட்டில் சேர்க்கவில்லை. சூப்பர்வைசரிடம் லீவு என்று சொல்லி, தன் சட்டைப் பாக்கெட்டிலேயே வைத்திருக்கிறார். நான் சொன்ன மறுநாள் சகாயம் அவர் வீட்டுக்குப் போய், "அண்ணே, பாஸ் இருக்குதா?" என்று கேட்டிருக்கிறான். அவர் எடுத்துக் கொடுத்திருக்கிறார். அவ்வளவுதான்.

"கேட்டுல எல்லாரும் டிபன் பாக்ஸ்ல தாளம் போட்டாங்களாம்ப்பா! டண்டணக்கா டண்டணக்கான்னு. மாமாவும் ஆடிக்கினே உள்ள போனாராம். இப்ப அவர் பேரே துபாய் ரிட்டர்ன். சூப்பர்வைசர்கூட, 'துபாய் ரிட்டர்னு, அந்த பெல்ட்டை பாரு'ன்னுதான் கூப்பிடறாராம்!"

சிரித்துக்கொண்டே சொன்னாள். சொல்லி முடித்து மறுபடி முதலிலிருந்து சொன்னாள். அவள் என்னிடம் இவ்வளவு பேசி ரொம்ப நாள் ஆகிறது. நான் கலாஸ் என்று எதுவும் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டிருந்தேன்.

8

ஏகாம்பரம் அண்ணனுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று கூப்பிட்டேன்.

"பெரிய உதவிண்ணே."

"இதுல இன்னாடா உதவி. பாஸ் பாக்கெட்ல கெடந்துச்சி. கேட்டான், குடுத்தேன்."

"நான் சொன்னதுனாலதான வச்சிருந்தீங்க?"

"நீ சொன்னதுனால இல்ல." இருமினார். "நான் எப்பவும் உடனே சேக்க மாட்டேன். உன்னோடதையும் வச்சிருந்தேன்."

எனக்குப் புரியவில்லை. "எதை?"

"உன் பாஸைத்தான். காண்ட்ராக்ட் மாறற வரைக்கும் என்கிட்டதான் இருந்துச்சி. அதுக்கு மேல வச்சிருந்தா புது ஆளு கேள்வி கேப்பாரு. குடுத்துட்டேன்."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"தண்ணி டேங்க் பக்கம் ஒரு நாளு பாத்தேன் உன்னை. பாக்கெட்லதான் வச்சிருந்தேன் அன்னிக்கும். சைக்கிளை நிறுத்தினேன். நீ சந்துக்குள்ள பூந்துட்ட."

"கூப்ட்டிருக்கலாமேண்ணே. வூட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"எப்பிடிடா? என் கையால மாலை போட்டு அனுப்பிச்ச ஆளு. வாடா வேலைக்குன்னு நானே வந்து கூப்ட்டா, உன் வூட்டுல, தெருவுல இன்னா ஆவும்? நீயா வந்து கேட்டா குடுக்கலாம்னு இருந்தேன். நீ வரவே இல்ல."

"சரிண்ணே" என்றேன். 

அவர் நல்ல மனிதர். அவர்மேல் கோபப்பட முடியவில்லை. அன்றைக்கு என்னிடம் ரிசைன் கேட்ட காண்ட்ராக்டர் இப்போது எங்கே இருக்கிறார் என்றே தெரியாது. ஏஜென்ட் நம்பரை மாற்றிவிட்டான். வந்த கோபத்தை வைக்க இடம் இல்லாமல் பெல்ட்டடியில் போய் நின்றேன். அன்று ஜாயின்ட் சூடு ஆறும்வரை போர்மேன் பாய் திற, திற என்று கத்தினார். திறக்கவில்லை.

கேட்கிறவர்களுக்கு என் பதில் இது. டிக்கெட் கைக்கு வரும்வரை பாஸை விடாதீர்கள். ஏஜென்ட் சொல்வான், காண்ட்ராக்டர் சொல்வார், நாள் நெருங்குகிறது என்று வீட்டிலும் சொல்வார்கள். விடாதீர்கள். மாலை மட்டும் எப்படியும் வரும். அதைத் தடுக்க உங்களால் முடியாது, என்னாலும் முடியவில்லை. கழுத்தை நீட்டுங்கள். பாஸைக் கொடுத்துவிட்டு, போக முடியாமல் போய்விட்டால் மறுநாளே போய் அதைக் கேளுங்கள். டிபன் பாக்ஸில் தாளம் போடுவார்கள். போடட்டும். ஒரு பெயர் வைப்பார்கள். வைக்கட்டும்.

சகாயம் போய்க் கேட்டான். எனக்கு எதிரே ஒருவர் அதைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு சைக்கிளை நிறுத்தினார். நான் சந்தில் திருப்பினேன்.